பொண்ணு சொராரிட்டி ரஷ்ஷுக்குப் போறாளா? பெத்தவங்க வேலை என்ன?

1/
ஜூலை பிறந்தா போதும், அமெரிக்காவில் இருக்கும் தமிழ் அம்மாக்களிடமிருந்து இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி. "டாக்டர், பொண்ணு காலேஜ்ல ரஷ் போறேங்கிறா. அது என்ன? விடலாமா?" தனித்தனியா பதில் எழுதி முடியல. அதனால ஒரே இழை. நான் இன்டர்னல் மெடிசின் டாக்டர். என் மகள் இரண்டு வருஷம் முன்னாடி இதுல போனவ. போன ஆகஸ்ட்ல அவளே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து புதுப் பெண்களைத் தேர்ந்தெடுத்தா. ரெண்டு பக்கமும் பார்த்ததால எழுதறேன். நீளமா இருக்கும், டீயோட உட்காருங்க.

2/
முதலில், ஊரிலிருந்து படிக்கும் நண்பர்களுக்கு. சொராரிட்டி என்பது கல்லூரி மாணவிகளின் சங்கம். லத்தீனில் சகோதரி என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். பெண்கள் கல்லூரிக்குள் வருவதே அபூர்வமாக இருந்த காலத்தில் ஒருவருக்கொருவர் துணையாக ஆரம்பித்தார்கள். 1870-ல் இந்தியானாவில் தொடங்கிய காப்பா ஆல்ஃபா தீட்டா அப்படிப்பட்ட ஒன்று. இப்படிக் கிரேக்க எழுத்துகளில்தான் பெயர் வைப்பார்கள். பெரிய கல்லூரிகளில் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வீடு உண்டு. அதனால் பேச்சுவழக்கில் "ஹவுஸ்". 1902-ல் உருவான நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் 26 சொராரிட்டிகள் இருக்கின்றன. இவற்றில் சேர்வதற்கான தேர்வு வாரம்தான் ரஷ்.

3/
எப்படி நடக்கும்? தென் மாநிலங்களில் பெரும்பாலும் ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே. முதல் சுற்றில் எல்லா ஹவுஸுக்கும் போய்ப் பேச வேண்டும். ஒவ்வொன்றிலும் சில நிமிடம்தான். அன்று இரவு மாணவி தனக்குப் பிடித்த வரிசையைப் பதிவு செய்வாள். ஹவுஸ்களும் தங்கள் வரிசையைப் போடும். கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்தும். மறுநாள் காலையில் எந்தெந்த ஹவுஸ் உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது என்று பட்டியல் வரும். சுற்றுக்குச் சுற்று பட்டியல் சுருங்கும். கடைசிச் சுற்றின் பெயர் பிரிஃபரன்ஸ். அது முடிந்ததும் கையெழுத்து. பிறகு பிட் டே, அதாவது உன்னை எந்த ஹவுஸ் சேர்த்துக்கொள்கிறது என்ற அழைப்பு வரும் நாள்.

4/
2021-ல் அலபாமா பல்கலைக்கழகத்து மாணவிகள் அன்றன்றைக்கு என்ன உடுத்தினோம் என்று டிக்டாக்கில் போட்டது உலகம் முழுக்கப் பரவியது. அங்கே மட்டும் ஒரு வருஷத்துக்கு 2,000-க்கும் மேல் பெண்கள் ரஷ் போகிறார்கள். அதற்குப் பிறகு இது ஒரு பெரிய திருவிழா மாதிரி ஆகிவிட்டது. எப்படிப் பேசணும், எதை உடுத்தணும் என்று சொல்லிக் கொடுக்க ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் ஆலோசகர்கள்கூட வந்தாச்சு. வீடியோவைப் பார்க்கும் நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு அது ஃபேஷன் ஷோ. உள்ளே இருக்கும் 18 வயதுப் பெண்ணுக்கு அப்படி இல்லை. ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் அவளை எடை போடுகிறார்கள், அதன் முடிவு தினமும் காலையில் போனுக்கு வருகிறது.

5/
அமெரிக்காவில் ரெசிடென்சி பண்ணின டாக்டர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையா இருக்குமே? ஆமாம், நம்ம "மேட்ச்" மாதிரியேதான். நாம ஒரு ரேங்க் லிஸ்ட், ஆஸ்பத்திரி ஒரு ரேங்க் லிஸ்ட். டாக்டர்கள் மேட்ச்சை ஆராய்ந்த பொருளாதார நிபுணர் ஆல்வின் ராத், 1991-ல் சூசன் மாங்கல் என்பவரோடு சேர்ந்து சொராரிட்டி ரஷ்ஷைப் பற்றியே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். இரண்டு பக்கமும் விருப்பம் சொல்லும் இடங்களில் பொருத்தம் எப்படி அமைகிறது என்பதுதான் அவர் துறை. 2012-ல் அவருக்கும் லாய்ட் ஷேப்லிக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது.

6/
இதை ஏன் சொல்றேன்னா, இந்தக் கணக்கு புரிந்தால் பாதி வலி குறையும். ஒவ்வொரு ஹவுஸும் எத்தனை பேரைத் திரும்பக் கூப்பிடலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. கடந்த வருஷங்களில் கூப்பிட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். யாரைக் கூப்பிட்டாலும் வந்துவிடுகிற புகழ்பெற்ற ஹவுஸ் சீக்கிரமே நிறையப் பேரை வெட்டியாக வேண்டும். அதாவது, சில நிமிடப் பேச்சை மட்டும் வைத்து, முதல் சுற்றிலேயே, நூற்றுக்கணக்கில். மருத்துவ பாஷையில் சொன்னால், இவ்வளவு குறைந்த தகவலை வைத்து எடுத்த ரிசல்ட்டை நான் எந்த நோயாளிக்கும் ரிப்போர்ட்டாகக் கொடுக்க மாட்டேன். ஆனால் நம் பொண்ணு அதைத் தன்னைப் பற்றிய ரிப்போர்ட்டாகத்தான் படிப்பாள்.

7/
மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்குப் போனில் இதை விளக்கினேன். முழுசும் கேட்டுட்டு, "இது பொண்ணு பாக்கறதுதானேடி"ன்னாங்க. "எங்க காலத்துல பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு கிளம்பிடுவாங்க. லெட்டர் வராது. உங்க ஊர்ல மறுநாள் காலையிலயே சொல்லிடறாங்க. அதுவரைக்கும் தேவல."

சிரிச்சேன். ஆனா அம்மா சரியான இடத்துல கை வெச்சாங்க. பெண் பார்க்கும் வீட்டில் அந்தப் பெண்ணை அதிகம் நோகடித்தது வந்து பார்த்தவர்கள் இல்லை. அவர்கள் போன பிறகு, "நீ கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்", "அந்தப் பச்சைப் புடவை கட்டியிருக்கலாம்" என்ற வீட்டு ஆட்கள்தான். இந்த இழையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அவளுக்கு மார்க் போட ஊரே இருக்கு. நீங்களும் ஒரு மார்க் ஷீட் தூக்காதீங்க.

8/
இனி, போகும் முன் செய்ய வேண்டியது.

ஒன்று, ஏன் சேர விரும்புகிறாள் என்று கேளுங்கள். விசாரணை மாதிரி வேண்டாம், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். "ஊர் தெரியாத இடத்துல நாலு பேர் வேணும்மா" என்றாள் என் மகள். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அது நியாயமான தேவை. அந்தத் தேவை எது என்று தெரிந்தால், ரஷ் கைவிட்டாலும் வேறு வழியில் அதை அடையலாம் என்பது அவளுக்கே புரியும்.

இரண்டு, பணம். சந்தா, நுழைவுக் கட்டணம், உடை, நிகழ்ச்சிச் செலவு என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். செமஸ்டருக்குச் சில நூறு டாலரில் இருந்து, வீட்டில் தங்கினால் பல ஆயிரம் வரை போகும். உங்களால் முடிந்த தொகையை ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள். அழைப்பு வந்த சந்தோஷத்தில் நிற்கும் பெண்ணிடம் பட்ஜெட் பேசுவது கொடுமை.

9/
மூன்று, டாக்டராக என் பட்டியல்.

மெனிஞ்சோகாக்கல் தடுப்பூசி 16 வயதுக்குப் பிறகு ஒரு டோஸ் போட்டிருக்கிறாளா என்று பாருங்கள். பி வகைக்குத் தனி ஊசி. அதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நிறையப் பேர் ஒரே கூரையின் கீழ் தங்கும் இடம் இது.

ஆஸ்துமா இன்ஹேலர், அலர்ஜி இருந்தால் எபிபென், தினசரி மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், விடுதி அறையில் வேண்டாம். ஆகஸ்ட் வெயிலில் ஹீல்ஸோடு பல மணி நேரம் நடக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், பிளாஸ்டர், மாற்றிப் போட ஒரு செருப்பு.

இதைவிட முக்கியமானது: 18 வயது முடிந்துவிட்டால், அவள் அனுமதி இல்லாமல் ஆஸ்பத்திரி உங்களிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவத் தகவல் அனுமதிப் படிவமும், அவசரத்தில் அவளுக்காக முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரமும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரஷ் போகாத பிள்ளைக்கும் இது தேவை. பையனுக்கும் தேவை.

10/
செய்யக் கூடாதது. உங்களுக்குத் தெரிந்தவரின் தங்கை அந்த ஹவுஸில் இருந்தாள் என்று போன் போட்டு சிபாரிசு பண்ணாதீங்க. ரஷ் நடத்தும் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "ஏன் என் பொண்ணைக் கூப்பிடல?" என்று கேட்காதீங்க, அவங்க சொல்ல மாட்டாங்க. பெற்றோர் குழுக்களில் எது "டாப்" ஹவுஸ், எது "பாட்டம்" ஹவுஸ் என்று பட்டியல் ஓடும். அதைப் படிக்காதீங்க. படித்தாலும் மகளிடம் சொல்லாதீங்க. அந்தப் பட்டியல் உங்கள் குரலில் ஒட்டிக்கொள்ளும். "ஓ... அந்த ஹவுஸா?" என்ற அந்த "ஓ" போதும் அவளுக்கு.

11/
ரஷ் வாரத்தில் போன். எப்போது பேசலாம் என்பதை அவளே முடிவு செய்யட்டும். "எத்தனை ஹவுஸ் கிடைச்சது?" என்று ஆரம்பிக்காதீங்க. "சாப்பிட்டியா? தூங்கினியா? இன்னிக்கு யார்கிட்ட பேசினது நல்லா இருந்தது?" இது போதும். மூன்றாவது கேள்வி சும்மா கேட்பதில்லை. அவளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதோடு, அவளும் தேர்ந்தெடுக்கிறாள் என்பதை ஞாபகப்படுத்தும் கேள்வி அது.

எங்க வீட்ல நானும் அவ அப்பாவும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். பட்டியல் நல்லா வந்தாலும் வராவிட்டாலும் குரல் ஒரே மாதிரி இருக்கணும். நல்ல செய்திக்குத் துள்ளிக் குதித்தால், கெட்ட செய்தியைச் சொல்ல அவள் தயங்குவாள்.

12/
மூன்றாவது நாள் காலை ஆறரைக்குப் போன் வந்தது. ரெண்டு நாளாக "அம்மா, அங்க போனா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்த ஹவுஸ் அவளைக் கூப்பிடவில்லை. ரூம் மேட்டுக்கு அங்கே அழைப்பு வந்திருந்தது. ரெண்டு பேரும் ஒரே அறையில், ஒரே கண்ணாடி முன்னாடி நின்று கிளம்ப வேண்டும். அதனால் குளியலறையில் உட்கார்ந்து, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பேசினாள்.

கொஞ்ச நேரம் அழுகைதான். அப்புறம் கேட்டாள்: "அம்மா, நான் கறுப்பா இருக்கறதாலயா?"

13/
இந்தக் கேள்வி வரும். நம்ம பொண்ணுங்க வீட்டில் வரும். தயாரா இருங்க.

"சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது" என்பது சுலபமான பதில். ஆனால் நேர்மையான பதில் இல்லை. அலபாமாவில் 2013-ல், மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட், கறுப்பின மாணவி ஒருத்தியை உள்ளே இருந்த மாணவிகள் சேர்க்க விரும்பியும் பழைய உறுப்பினர்கள் தடுத்ததை வெளியே கொண்டுவந்தது. பல்கலைக்கழகம் தலையிட்ட பிறகுதான் கதவு திறந்தது. அதே பல்கலைக்கழகத்தின் வாசலில் கறுப்பின மாணவர்களைத் தடுக்க ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் நின்றது 1963-ல். இடையில் 50 வருஷம். நிறையப் பெண்களுக்கு அந்த ஹவுஸ்களில் அம்மா, பாட்டி இருந்திருப்பார்கள். நமக்கு யாரும் இல்லை. இப்போது பல அமைப்புகள் வாரிசு முன்னுரிமையைக் கைவிட்டிருக்கின்றன. ஆனாலும் பழக்கவழக்கம் ஒரே நாளில் மாறாது.

14/
நான் சொன்னது இதுதான்: "எனக்குத் தெரியல கண்ணா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உனக்கும் தெரிய வழியில்ல, அதுதான் இதுல கஷ்டமே. ஆனா அதுக்காகத்தான்னா, குறை உன் தோல்ல இல்ல, அவங்க கண்ணுல."

அதுக்கு மேல பேசல. குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டிருந்தது. சுமார் பத்து நிமிஷம். நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்லும்போது எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்தான்: சொல்லிட்டு வாயை மூடு, எழுந்து போயிடாதே.

15/
"இதெல்லாம் ஒரு விஷயமா? உலகத்துல எவ்வளவோ பிரச்சினை" என்று சொல்லத் தோன்றும் அப்பாக்களுக்கு ஒரு தகவல். 2003-ல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. கம்ப்யூட்டரில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுகிறார்கள். நடுவில் ஒருவருக்கு மட்டும் பந்து வருவது நின்றுவிடும். அந்த ஆளின் மூளையை ஸ்கேன் பண்ணியபோது, உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய பகுதி ஒன்று வேலை செய்தது. உடல் வலியும் இதுவும் எந்த அளவுக்கு ஒன்று என்பதில் பின்னால் வாதங்கள் உண்டு. ஆனால் முகம் தெரியாத ரெண்டு பேர் பந்து போடாததற்கே இந்தப் பாடு. உங்கள் மகளிடம் "இது சின்ன விஷயம்" என்று சொன்னால் வலி குறையாது. உங்களிடம் சொல்வது மட்டும் குறையும்.

16/
அன்று மதியம் அவள் கேட்டாள், "விட்டுட்டு வந்துடவாம்மா?" போ என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டேன். மிச்சம் இருக்கிற ஹவுஸ்ல உனக்குப் பேசப் பிடிச்சவங்க யாராவது இருக்காங்களா? இன்னிக்கு விட்டா நாளைக்கு நிம்மதியா இருக்குமா, இல்ல என்ன ஆகியிருக்கும்னு யோசிப்பியா? இப்ப பசியா இருக்கியா? மூணாவது கேள்விக்குத்தான் உடனே பதில் வந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை. சாப்பிட்டுவிட்டு முடிவெடு என்றேன். சாப்பிட்டாள், போனாள்.

மகள் "விட்டுடறேன்" என்றால் அதுவும் நல்ல முடிவுதான். தோல்வின்னு பேர் வைக்காதீங்க.

17/
கடைசிச் சுற்றில் ஒரு முக்கியமான விஷயம். இரண்டு ஹவுஸ் கூப்பிட்டிருந்தால் இரண்டையும் வரிசைப்படுத்தலாம், ஒன்றை மட்டும் எழுதலாம். ஒன்றை மட்டும் எழுதி அது கிடைக்காவிட்டால், கையில் ஒன்றும் இருக்காது. ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஹவுஸ் அழைப்பு கொடுத்து, அதை மறுத்தால், அடுத்த வருஷ ரஷ் வரை அந்தக் கல்லூரியில் இந்தக் கூட்டமைப்பின் வேறு எந்த ஹவுஸிலும் சேர முடியாது. எனவே அழைப்பு வந்தால் மனசாரப் போவோம் என்ற இடத்தை மட்டும் எழுத வேண்டும். கையெழுத்துக்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அவளுடைய ரஷ் ஆலோசகரைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த வாரம் தன் ஹவுஸ் எது என்று சொல்லாமல் ஒதுங்கி, புதுப் பெண்களுக்கு உதவும் மூத்த மாணவி அவள். பல இடங்களில் "ரோ காமா" என்பார்கள்.

18/
எப்போது கவலைப்பட வேண்டும்? ரெண்டு நாள் அழுகை இயல்பு. ஆனால், தொடர்ந்து சாப்பிடாமல் இருப்பது, எடை, உடம்பு பற்றியே பேசுவது, பல நாள் தூக்கமின்மை, அறையை விட்டு வராதது, "நான் இருந்து என்ன" மாதிரிப் பேச்சு... இதில் எது இருந்தாலும் கல்லூரியின் கவுன்சலிங் மையத்தைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். அவசரம் என்றால் 988, இரவு பகல் எந்நேரமும், போனும் மெசேஜும் எடுப்பார்கள். "உயிரை விடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இதைப் பயப்படாமல் கேளுங்கள்.

19/
அழைப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீங்க. ரஷ்ஷில் மது கிடையாது, அதற்குப் பிறகு வரும் பார்ட்டிகளில் உண்டு. சட்டப்படி 21 வயது. நடப்பது வேறு. குடித்துவிட்டு எழுப்ப எழுப்ப எழாத தோழி, மெதுவாக மூச்சு, வெளிறிய அல்லது நீலம் பாய்ந்த உதடு: ஒருக்களித்துப் படுக்க வை, தனியாக விடாதே, 911 கூப்பிடு. உதவிக்குக் கூப்பிடும் மாணவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பு உண்டு. இதை மகளிடம் ஒருமுறை அல்ல, மூன்று முறை சொல்லுங்கள்.

ஹேசிங், நம்மூர் பாஷையில் ராகிங், எந்த வடிவில் வந்தாலும் வெளியே வந்துவிடலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். டிசம்பர் 2024-ல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி எந்தெந்தச் சங்கம் ஹேசிங்கில் பிடிபட்டது என்று கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

20/
அழைப்பே வராவிட்டால்? அது உலக முடிவு இல்லை, ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லாதீங்க. பக்கத்தில் இருந்தால் போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுங்க. தூரம் என்றால், யாருடன் அன்று மாலை இருக்கப் போகிறாள் என்று மட்டும் கேளுங்க. இடம் மீதம் உள்ள ஹவுஸ்கள் பிறகும் சேர்ப்பார்கள். தெற்காசிய மாணவிகளே தொடங்கிய சொராரிட்டிகளும் உண்டு: டெல்டா ஃபை ஒமேகா, காப்பா ஃபை காமா, சிக்மா சிக்மா ரோ மூன்றுமே 1998-ல் பிறந்தவை. கறுப்பினப் பெண்கள் 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில்தான், சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் சேர்ந்தார். கதவு ஒன்றே ஒன்று இல்லை. இதெல்லாம் இல்லாமல் நாடகக் குழு, ஆய்வுக்கூடம், கர்நாடக இசைக் குழு என்று நாலு பேரைக் கண்டுபிடித்த பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

21/
என் மகளுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கடைசியில் மிஞ்சியது ஒரே ஹவுஸ். முதல் நாள் அவள் ஞாபகத்திலேயே இல்லாத ஹவுஸ். அங்கிருந்து அழைப்பு வந்தது. வாழ்க்கை மாறிடுச்சு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மூன்று நல்ல தோழிகள் கிடைத்தார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்குக் கூட உட்கார்ந்து படிக்க ஆள் கிடைத்தது. ரூம் மேட் டிசம்பரிலேயே தன் ஹவுஸை விட்டு விலகிவிட்டாள். ரெண்டு பேரும் இன்னும் சிநேகிதிகள்.

22/
போன ஆகஸ்ட்ல, அந்தப் பக்கம் உட்கார்ந்த முதல் இரவு போன் பண்ணினாள். "அம்மா, இன்னிக்கு எத்தனை பேர்கிட்ட பேசினேன்னே தெரியல. கடைசில எல்லா முகமும் ஒண்ணாயிடுச்சு. ஒரு பொண்ணு ரொம்ப நல்லாப் பேசினா. பேர் மறந்துட்டேன். அவளுக்கு நான் சரியா மார்க் போட்டேனான்னே தெரியலம்மா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அன்னிக்கு என்னைப் பத்தியும் யாரும் எதுவும் முடிவு பண்ணலை போல. மறந்துதான் போயிருப்பாங்க."

ஆறாவது பதிவில் நான் கணக்குப் போட்டு விளக்கினதை அவள் ஒரே இரவில் புரிந்துகொண்டாள். ஆனால் அதைப் புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது. உங்கள் பொண்ணுக்கும் புரியும். அதுவரை, தினமும் காலையில் என்ன பட்டியல் வந்தாலும், அவள் போட்டவுடனே எடுக்கிற போனும் மாறாத குரலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இந்த ஆகஸ்ட்டில் அனுப்பும் அம்மா அப்பாக்களுக்கு வாழ்த்துகள். கேள்வி இருந்தா கீழே கேளுங்க. கிளினிக் முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.